பதிவில் புகும் பொய்த் தம்பூரா

பெங்களூரில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று சுருதிப் பெட்டிக்கு அருகே மடிக்கணினியும் ஒலிவாங்கியும் இடம்பெற்றுள்ளன. பாட்டியின் பாடலைப் பதிந்துவைக்க விழைகிறோம். பதிந்ததைக் கேட்டாலோ, அடியில் ஓயாத முரல்வு! நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ஆகவே முரல்வு 50, 100 அதிர்வுகளில் எழும். 100 என்பது கீழ்ஸ்தாயியில் ஐந்து கட்டைக்குச் சற்றே மேற்பட்டது. அக்கட்டையில் பாடுவோர்க்கு அது சுருதி கலைந்த தம்பூராவே அன்றோ!

உடனே புது ஒலிவாங்கிக்காக எஸ்.பி. சாலைக்கு விரைவானேன்? மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓடவிட்டுக் கேட்போம். முரல்வு நின்றால் ஒலிவாங்கி குற்றமற்றது. பழுது சார்ஜரிலோ எர்த் இணைப்பிலோ உள்ளது. கருவிகள் வெவ்வேறு பிளக்குகளின் எர்த் வழியே வளையமாகப் பிணைந்திருப்பின், அனைத்தையும் ஒரே மின்பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். சிலர் பிளக்கின் மூன்றாம் முளையை ஒடித்துவிடுவர். முரல்வு போகும், காவலும் உடன் போகும். பின்னொரு நாள் கசியும் மின்சாரம், ஒலிவாங்கியின் உலோக வலை வழியே பாடுபவர் உதட்டைத் தீண்டக்கூடும்.

பேட்டரியிலும் முரல்வு நீடித்தால், மின்விசிறியின் ரெகுலேட்டரை அணைத்துவிட்டு மீண்டும் பதிந்து பார்க்கலாம்.