துபாஷி யந்திரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமக்குச் சற்றுத் தூரத்தில் சீதா எலிய அம்மன் கோயில் இருக்கிறது. அசோக வனத்தில் சீதையைக் கண்ட அனுமன் உடனே வாய் திறக்கவில்லை. எந்த மொழியிற் பேசுவது என்று மரத்தில் இருந்தபடியே யோசித்தான் என்கிறார் வால்மீகி. பண்டிதரைப்போலச் சமஸ்கிருதத்திற் பேசினால், இராவணனே வந்துவிட்டான் என்று அவள் அஞ்சுவாளே! ஆகவே சாதாரண மனிதரின் பேச்சைத் தேர்ந்துகொண்டான். மொழி தெரிந்திருப்பது ஒன்று, கேட்பவர் நிலை அறிந்து பேசுவது வேறொன்று. இன்று எனக்குத் தந்த பொருளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மொழிப் பேச்சைக் கேட்டு மற்றொரு மொழியிற் பேசும் யந்திரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நமது ஸ்டேஷனில் இறங்கும் வெளிநாட்டார் கைத்தொலைபேசியை நீட்டிப் பேச, வேன் ஓட்டும் தம்பிமார் அதிலேயே கூலி பேசி முடிக்கிறார்கள். அது செய்யும் வேலை பெரும்பாலும் மூன்று படி. ஒலியைக் கேட்டு எழுத்தாக்குகிறது, எழுத்தை மொழிபெயர்க்கிறது, பெயர்த்ததைக் குரலாக்குகிறது. முதற்படியிற் சறுக்கினால் மற்ற இரண்டும் சேர்ந்தே சறுக்கும். எழுத்தை இடையில் வைக்காமல் குரலிலிருந்து குரலுக்கே தாவும் முறையைக் கூகிள் நிறுவனத்தார் 2019இல் காட்டினார்கள்.

இந்த முயற்சி புதிதன்று. 1954 ஜனவரி 7ஆம் நாள் நியூயோர்க்கில், 250 சொற்களே அறிந்த கணினி ஒன்று அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கியது. சில வருடங்களில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள்! முடியவில்லை. கூகிளின் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலும் சிங்களம் 2014இலும் சேர்ந்தன. 2023 டிசம்பரில் இந்தியப் பிரதமர் காசியில் இந்தியிற் பேச, 'பாஷினி' என்னும் அரசாங்க ஏற்பாடு அங்கு வந்திருந்த தமிழர்களுக்கு உடனுக்குடன் தமிழிற் சொன்னது. நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தாரும் அரசாங்கக் கடிதங்களுக்காகச் சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்பு முறையொன்றை உருவாக்கியிருக்கிறார்கள்.

இது மலைநாட்டு மக்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். டாக்டர் நல்ல மனிதர், தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறைச் சிங்களத்தோடு நான்தான் துபாஷி. அம்மாவுக்கிருந்தது பெண்களுக்கு வரும் நோய். பெற்ற மகனிடம் அதை எப்படிச் சொல்லுவாள்? "வயித்து வலின்னு சொல்லு தம்பி" என்றாள். அப்படியே சொன்னேன். வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தார்கள். உண்மை நோய் வெளிப்பட மேலும் எட்டு மாதம் சென்றது. அன்று ஒரு யந்திரம் இருந்திருந்தால் என்னை வெளியே அனுப்பிவிட்டு அதனிடம் சொல்லியிருப்பாள்.

ஆனால் அந்த யந்திரம் அவள் பேச்சைப் புரிந்துகொண்டிருக்குமா? அங்கேதான் சங்கடம். யந்திரம் கற்பது பெரும்பாலும் அச்சுத் தமிழையும் வானொலித் தமிழையும். நம் லயத்துப் பேச்சு அதன் காதில் விழுந்தது சொற்பம். "இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று நம் தாய்மார் சொன்னால், கொழுந்து நிறை குறைந்து அரைநாட் சம்பளமே கிடைத்தது என்று நமக்குத் தெரியும். பேர் என்றால் பெயர் என்றோ ஆள் என்றோ எடுத்துக்கொள்ளும் யந்திரம் அவள் கூலியையே தொலைத்துவிடும்! நமக்குத் தவறணை தேயிலைக் கன்று வளர்க்கும் இடம்; யாழ்ப்பாணத்தில் அது கள்ளுக் குடிக்கும் இடம். ஒரு பெண் தவறணையில் வேலை என்று சொன்னால் யந்திரம் அவளை எங்கே அனுப்புமோ!

இன்னொன்று. தமிழும் சிங்களமும் வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பவை. மரியாதைக்குத் தனித்தனிச் சொல் உள்ளவை. இரண்டும் நேரே கைகொடுத்தால் எளிது. யந்திரமோ பல சமயம் இடையில் ஆங்கிலத்தின் வழியே போய் வருகிறது. ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே சொல். தாத்தா ஒருவரை அலுவலகத்தில் 'நீ' என்று கூப்பிட்டால் அவர் எழுந்து வந்துவிடுவார்.

இவற்றிலும் எனக்கு அச்சம் தருவது ஒன்றுண்டு. தெரியாத சொல் வந்தபோது நான் திக்கினேன். என் திக்கலைக் கண்டு டாக்டர் சந்தேகப்படவாவது இடமிருந்தது. யந்திரம் திக்குவதில்லை. பிழையையும் சரளமாகவே சொல்லும். ஆகவே மருந்து, வழக்கு, கையொப்பம் ஆகிய காரியங்களில் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்து கேட்க வேண்டும். இரு மொழியும் அறிந்த மனிதர் ஒருவர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். 1987இல் தமிழும் ஆட்சி மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. 1988இல் நிர்வாக மொழி பற்றிய விதிகள் வந்தன. யந்திரம் வந்துவிட்டது, இனித் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எதற்கு என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளலாகாது. நம் இளைஞர்கள் சிங்களம் கற்பதை நிறுத்துவதற்கும் அது காரணமாகாது.

மொசில்லா என்னும் அமைப்பார் 2017இல் தொடங்கிய குரற்சேகரிப்பில் தமிழுக்கும் இடமுண்டு. யாரும் குரல் கொடுக்கலாம். ஆனால் அங்கே பெரும்பாலும் எழுதிய வாக்கியத்தைத்தான் வாசிக்கிறார்கள். நம் பாட்டிமார் பேசுவதை, அவர்கள் சம்மதத்தோடு, சொந்த விஷயங்களை நீக்கி, நாமே பதிவு செய்ய வேண்டும். சங்கத்து வாசகசாலை மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பேர், அரைப்பேர், தவறணை, பெரட்டு என்று முதற்பக்கத்தில் நான்கு சொல் எழுதியாயிற்று. ஐந்தாவதை இன்றிரவு வீட்டுக்குப் போய் உங்கள் பாட்டியிடம் கேட்டு வாருங்கள்.