ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்பவர் யார்?

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்றால் தோரணமும் தேர்ப்பவனியும் மட்டுமல்ல. பழைய ஏற்பாட்டுக் காலத்தில் யூபிலி ஆண்டு பிறந்தால் அடிமை விடுதலை பெற்றான். நிலத்தை இழந்தவன் தன் காணிக்குத் திரும்பினான். மன்னித்துத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் ஆண்டு அது. அந்த எண்ணத்தோடு இன்று நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் துப்பாக்கிப் பேச்சு எதற்கு?" என்று கேட்பீர்கள். நம் சமவெளியைச் சுற்றிச் சிறுமலையும் கொடைக்கானல் மலைச்சரிவும் நிற்கின்றன. மலையடிவாரத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றி ஒரே இரவில் நிலக்கடலையைக் கிளறிவிட்டுப் போகிறது. கடன் வாங்கிப் பயிர் வைத்தவனுக்கு வயிறு எரிகிறது. உரிமம் இல்லாத துப்பாக்கி ஒருவன் வீட்டுக்குள் வருவதற்கு அது ஒரு வழி. பன்றிக்கென்று வாங்கியது பன்றியோடு நிற்பதில்லை. குடிபோதையிலும் வரப்புத் தகராறிலும் கைக்கு எட்டுவது அதுதான்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2019-இல் தண்டனையை இன்னும் கடுமையாக்கினார்கள். சட்டம் தேவைதான். ஆனால் வெறும் பயம் துப்பாக்கியை வெளியே கொண்டுவராது. இன்னும் ஆழமாகப் புதைக்கவே செய்யும். இதை உணர்ந்துதான் கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற மலையோர மாவட்டங்களில், தாமாக ஒப்படைப்பவர்மேல் வழக்கு இல்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் நின்றார்கள். துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன.

அரசும் ஊரும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சம்பல் பள்ளத்தாக்கு சாட்சி. 1972 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்து ஜௌரா கிராமத்தில், ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் பெரும் கொள்ளைக்காரர்கள் காந்தியடிகள் படத்தின் முன் துப்பாக்கிகளைக் கிடத்தினார்கள். தூக்குத் தண்டனை இராது, குடும்பங்கள் கைவிடப்படமாட்டா என்ற உறுதியை அவர் அரசிடம் பேசிப் பெற்றிருந்தார். சரணடைந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். முங்காவலியில் அவர்களுக்காகத் திறந்தவெளிச் சிறை அமைந்தது. ஆகவே மன்னிப்பு என்பது குற்றத்தை மூடி மறைப்பதல்ல. திரும்பி வர ஒரு வழியைத் திறந்து வைப்பது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலும் ஒரு பாடம் உண்டு. 1992-இல், சுட்டுக்கொல்லப்பட்ட இளைஞனின் அடக்கச் சடங்கு நடந்த ஆலயத்துக்குள்ளேயே ஒரு கும்பல் புகுந்து ஒருவனைக் குத்தியது. போதகர்கள் அதன்பின் பீடத்தோடு நிற்கவில்லை. இரவில் தெருக்களில் நடந்தார்கள். 1996-இல் காவல்துறையோடு சேர்ந்து இளைஞர்களை அழைத்து, "சுட்டால் சட்டம் விடாது, விட்டுவிட்டால் நாங்கள் உதவுவோம்" என்றார்கள். இளைஞர் கொலைகள் வெகுவாகக் குறைந்தன.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காவல்துறைக்குத் துணையாக 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' இயக்கத்துக்கு, 2020-இல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பின் தமிழக அரசு தடை விதித்தது. மக்கள் நம்பிக்கை போனால் கூட்டுறவும் போய்விடும். பாலமாக நிற்கிறவன் இரு கரைக்கும் பொதுவானவனாக இருக்க வேண்டும். லத்தியைப் பிடித்துக்கொண்டு பாலமாக முடியாது.

நாம் செய்யக்கூடியது என்ன? முதலாவது, நம் பங்குப் பேரவையும் கோவில் பெரியவர்களும் ஜமாத்தாரும் சேர்ந்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளரைச் சந்திக்கலாம். ஒப்படைக்க இடம், நாள், வழக்கில்லை என்ற உறுதி மூன்றையும் எழுத்தில் கேட்கலாம்.

இரண்டாவது, துப்பாக்கியின் தேவையையே குறைக்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இதற்கு ஊராட்சி, வருவாய்த்துறை, வனத்துறை சேர்ந்த கிராமக் குழு உண்டு. மனு எழுதத் தெரியாத விவசாயிக்கு எழுதிக்கொடுத்து, அலுவலகம்வரை கூட நடப்பது நம் வின்சென்ட் தே பவுல் சபைக்கு ஏற்ற பணி.

மூன்றாவது, வரப்புத் தகராறும் பங்காளிச் சண்டையும் முற்றுமுன் அன்பியக் கூட்டத்தில் பேசித் தீர்ப்போம்.

கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவிய புனித இராயப்பரை ஆண்டவர் துரத்திவிடவில்லை. வாளை உறையில் போடச் சொன்னார். வெட்டுண்டவன் காதைக் குணமாக்கினார். பின்னாளில் தம் மந்தையை மேய்க்கும் பொறுப்பையும் அதே இராயப்பரிடம் கொடுத்தார். ஆயுதத்தைக் கீழே வைக்கிறவனுக்கு நம் பங்கிலும் ஓர் இடம் இருக்கட்டும். இந்த யூபிலிக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!