பதின்மூன்று வயதுக்குப் பிறகு எந்தக் கதை?

(இளையோர் வாசிப்பு குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், இடைநிலைப்பள்ளி நூலகப் பொறுப்பாசிரியையாக இருந்து பணி ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய உரை.)

நெறியாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது, ஏராளமான மாணவர்களைப் படிக்க வைத்தவர் என்று சொன்னார். அது அவருடைய அன்பு. நான் படிக்க விடாமல் செய்த ஒரு பையனைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அவன் என் சொந்த அக்காள் மகன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும் வரை கதைப்புத்தகம் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. படிவம் ஒன்றுக்குப் போனதும், "பெரியவனாகி விட்டாய், இனிப் பெரிய புத்தகம் படி" என்று மு.வ.வின் 'அகல் விளக்கு' நாவலைக் கொடுத்தேன். 1961இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்ற நாவல். எனக்கு உயிர். இரண்டு மாதம் கழித்து எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு சின்னம்மா" என்றான். பதினைந்தாம் பக்கத்தில் செருகிய பஸ் டிக்கெட் அப்படியே இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். அதற்கப்புறம் பள்ளி முடிக்கும்வரை அவன் தமிழ் நாவல் பக்கமே போகவில்லை. குற்றம் மு.வ.வுடையது அல்ல. என் நாற்பது வயது ரசனையை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியது நான்.

நம் நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பதின்மூன்று வயது மிகவும் சிக்கலானது. நம்மிடம் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், தமிழ் வாரத்தில் சில பாடவேளையாகச் சுருங்கி விடுகிறது. சில இடங்களில் அதுவும் பள்ளி முடிந்து வயிறு பசிக்கும் நேரத்தில்தான். மனம் வேகமாக வளர்கிற வயதில் மொழி நின்ற இடத்திலேயே நின்று விடுகிறது. அவன் யோசிப்பது நட்பு, துரோகம், முதல் காதல், வீட்டில் நடக்கும் சண்டை. தமிழில் அவனுக்கு எளிதாகப் படிக்க வருவதோ முயலும் ஆமையும்! இந்த இடைவெளியில் உட்கார வேண்டிய புத்தகத்தைத்தான் இளையோர் நாவல் என்கிறோம்.

எனக்கு முன் பேசிய ஐயா, இப்படிப்பட்ட ஆங்கில நாவல்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்றார். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லட்டும். 'தி அவுட்சைடர்ஸ்' என்ற நாவல் அமெரிக்காவில் 1967இல் வந்தது. எழுதிய எஸ்.இ. ஹிண்டன் அப்போது பதினெட்டு வயதுப் பெண். எழுதத் தொடங்கியதோ பதினைந்தில். தன் வயதுப் பிள்ளைகளின் உண்மையான வாழ்க்கையைச் சொல்லும் கதை கிடைக்காததால் தானே எழுதினார். கும்பல் சண்டைதான் கதை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கத்திக்குத்து இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் எங்கே கொண்டு போய் விடுகிறது என்பதை அந்தப் பெண் காட்டியது போல, பள்ளிச் சபைகூடலில் நாங்கள் செய்த எந்த உபதேசமும் காட்டியதில்லை.

நான் அதிகம் பரிந்துரைத்தது வேறொரு புத்தகம். தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த மின்ஃபோங் ஹோ எழுதிய 'சிங் டு தி டோன்', 1975இல் வந்தது. தாய்லாந்துக் கிராமத்துச் சிறுமி டாவான், நகரத்தில் போய்ப் படிப்பதற்கான உபகாரச் சம்பளத் தேர்வில் முதலாவதாக வருகிறாள். இரண்டாவதாக வருவது அவள் தம்பி குவாய். அவள் விலகினால் வாய்ப்பு தம்பிக்குப் போகும். அப்பா என்ன நினைப்பார் என்று நான் சொல்லவே வேண்டாம், நம் வீடுகளில் பார்க்காததா! தம்பியும் கெட்டவன் அல்ல. அக்காள்மேல் பாசம் உள்ளவன். அந்த ஒரு விஷயம்தான் புத்தகத்தைக் கீழே வைக்க விடாது.

ஒரு மாணவி அதைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "டீச்சர், இது தமிழ்ல இருக்கா? எங்க அப்பா படிக்கணும்" என்றாள். என்னிடம் இல்லை என்றேன். சற்று நேரம் நின்றாள். பிறகு புத்தகத்தைத் திரும்பவும் இரவல் பதிந்துகொண்டு போனாள். நான்கைந்து இரவுகள் உட்கார்ந்து அப்பாவுக்குக் கதையைத் தமிழில் சொல்லியிருக்கிறாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் ஆறாம் படிவத்துக்கு அவள் பெயர் பதிய வந்தவர் அவர்தான்.

நம் ஊர்க் கதை வேண்டும் என்றால் ஹன்னா அல்காஃபின் 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை' இருக்கிறது. 2019இல் வந்தது. 1969 மே 13 கலவரத்தில் அம்மாவைத் தேடி அலையும் மெலாத்தி என்ற பதினாறு வயதுப் பெண்ணின் கதை. எண்ணிக்கொண்டே இருக்க வைக்கும் ஒரு மனநோயும் அவளுக்கு உண்டு. புத்தகத்தின் முகப்பிலேயே ஆசிரியர், இதில் வன்முறையும் மரணமும் இனவெறுப்பும் இருக்கின்றன, தாங்க முடியாதவர்கள் படிக்க வேண்டாம் என்று எச்சரித்து விடுகிறார். பரிந்துரை என்றால் இப்படி இருக்க வேண்டும். நானும் இதைக் கேட்கிற எல்லாருக்கும் கொடுக்க மாட்டேன்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. இரா. நடராசனின் 'ஆயிஷா' சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடியும். கேள்வி கேட்ட ஒரு மாணவியின் கதை. ஆசிரியர்களும் படிக்கலாம், கொஞ்சம் வலிக்கும். கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. 2025இல் அதே விருதை விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' பெற்றது. 'பொன்னியின் செல்வன்' படம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளையிடம் ஐந்து பாகத்தையும் ஒன்றாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். முதல் பாகத்தை மட்டும் கொடுங்கள், வந்தியத்தேவன் பார்த்துக்கொள்வான்.

கொடுக்கும் முன் நான் கேட்பது ஒரே கேள்விதான்: கடைசியாக எந்தப் படத்தை, எந்தக் கதையைத் தூங்காமல் முடித்தாய்? பதிலைக் கேட்டு மூன்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் விடுவேன். முப்பது பக்கத்தில் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம், காரணம் கேட்க மாட்டேன். படித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன படிப்பினை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அடுத்த புத்தகத்தை அவன் எடுக்கவே மாட்டான்.

அந்த அக்காள் மகனுக்கு இப்போது படிவம் ஒன்றில் ஒரு மகள். போன மாதம் அழைத்துக்கொண்டு வந்தான். "பாப்பாவுக்கு ஏதாவது நல்ல தமிழ்ப் புத்தகம் குடுங்க சின்னம்மா" என்றவன், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அகல் விளக்கு வேணாம்" என்றான். அவள் ஓவியாவை எடுத்துப் போயிருக்கிறாள். எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று இன்னும் நான் கேட்கவில்லை.