மீண்டும் சன்ஸ்கார்: பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம்



தொண்டூழியம் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் போய் வந்த கதையைச் சொல்வார்கள். நான் திரும்பிப் போன கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அது கொஞ்சம் சங்கடமான கதை.

இந்தியாவின் வடகோடியில் லடாக் மலைப்பகுதியில் சன்ஸ்கார் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. அங்கே பெரும்பாலோர் திபெத்திய பௌத்தர்கள். பேசுவதும் திபெத்திய மொழியின் ஒரு கிளைதான். 2006ஆம் ஆண்டு அங்குள்ள சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் 3 மாதம் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். மாணவர்கள் 31 பேர். கார்கிலிலிருந்து, 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள பென்சி லா கணவாயைக் கடந்து ஜீப்பில் 2 நாள் பயணம். பனி விழுந்தால் அந்தப் பாதையும் மூடிவிடும். அதன்பிறகு வெளியுலகம் போக, உறைந்து கிடக்கும் ஆற்றின்மேல் பல நாள் நடக்கவேண்டும்.

2024 கோடையில் மீண்டும் போனேன். அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் நிம்மு-பதும்-தார்ச்சா சாலை, ஏறக்குறைய 298 கிலோமீட்டர், முழுமையாக இணைக்கப்பட்டிருந்தது. மணாலியில் விடியுமுன் புறப்பட்டவன் இருட்டுவதற்குள் பதும் நகரில் இருந்தேன்.

பள்ளிக்கூடம் முன்பைவிட நன்றாகவே இருந்தது. தகரக் கூரை, சூரிய மின்தகடு, புது மேசைகள். ஆனால் மாணவர்கள் 6 பேர்தான்! மற்றவர்கள் லே, ஜம்மு, மணாலி என்று விடுதிப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள்.

அன்று நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் ஊற்றிக் கொடுத்தார். (நம் தே தாரிக்கை நினைத்து வாய் வைத்தால் ஏமாந்து போவீர்கள்.) "நோனோ, ஆங்கிலம் தெரிந்தால் முன்னுக்கு வரலாம் என்று நீதானே சொன்னாய்? அதுதான் பேரனை அனுப்பிவிட்டோம்" என்றார். நோனோ என்றால் தம்பி. அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் தேநீர் இறங்கவில்லை.

சாலை வந்ததால் பண்பாடு கெட்டது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைப் பனிக்கு நடுவே வைத்துக்கொண்டு பண்பாடு பேச முடியாது. பெற்றோர்மீதும் தப்பில்லை. ஆனால் பார்லி, பட்டாணி வயல்களில் குனிந்து நிற்பவர்கள் எல்லாரும் இப்போது முதியவர்கள். வயலுக்குப் பனி உருகி வரும் தண்ணீர்தான். அந்த ஓடை வற்றியதால், அருகிலுள்ள கூமிக் ஊர் மக்கள் வேறிடத்தில் புதிதாக வீடு கட்டத் தொடங்கவேண்டி வந்தது. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் இருக்கிற தண்ணீரும் வீண்தான்.

1823இல் ஹங்கேரி நாட்டு அறிஞர் சோமா டி கோரோஸ் இதே பள்ளத்தாக்கில் சங்லா என்ற ஊருக்கு வந்தார். ஒரு லாமாவிடம் பல மாதம் திபெத்திய மொழி படித்தார். அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி 1834இல் கல்கத்தாவில் வெளிவந்தது. அவர் கற்க வந்தவர். நானோ 3 மாதம் இருந்தும் அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லும் 'ஜூலே'யைத் தாண்டவில்லை.

"இப்போது நான் என்ன செய்யட்டும்?" என்று பள்ளி ஆசிரியர் மூலமாகப் பாட்டியிடம் கேட்டேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே மகன் நகரத்திலிருந்து அனுப்பிய மாத்திரை அட்டைகள். எல்லாம் ஆங்கிலம். எது காலைக்கு, எது இரவுக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. தோன்றியபோது ஒன்று விழுங்கி வந்திருக்கிறார்! மருத்துவர் சீட்டைப் பார்த்து, காலை மாத்திரைக்குச் சூரியனும் இரவு மாத்திரைக்கு நிலாவும் அட்டையில் வரைந்து கொடுத்தேன். காலாவதியானதைத் தனியே எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் 7 பாட்டிகள், ஆளுக்கொரு டின்னோடு.

காலையில் 6 பிள்ளைகளுக்கு வகுப்பு, பிற்பகலில் வாய்க்கால் வேலை என்று அந்த 5 வாரம் ஓடியது. மண்வெட்டி பிடித்த அழகைப் பார்த்து ஊரே சிரித்தது. புறப்படும்போது பாட்டி சொன்னார்: "அடுத்த முறை கோடை விடுமுறைக்கு வராதே, அறுவடைக்கு வா."

செப்டம்பர் மாதத்திற்கு விடுப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.