லொறியும் உத்தரவாதமும்



கற்பிட்டித் தீபகற்பத்தில் வாழ்பவர்களுக்கு லொறி என்பது வெறும் வாகனம் அன்று. ஒரு புறம் புத்தளம் கடனீரேரி. மறு புறம் இந்து சமுத்திரம். நடுவே மணல் நிலம். அம்மணலிலே கிணற்று நீர் இறைத்து விளைவித்த சின்ன வெங்காயமும் மிளகாயும் தம்புள்ளைச் சந்தைக்குப் போயாக வேண்டும். விடியுமுன் கரையேறிய மீன் பேலியகொடைச் சந்தைக்குப் போயாக வேண்டும். இரண்டிற்கும் வழி ஒன்றே. பாலாவிச் சந்தி வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளும் அத்தெருவிலே ஒரு லொறி நின்றுவிட்டால், அதிலுள்ள மீன் மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் மாதச் சீவனமும் கெட்டுப்போகும்.

நான் கலைப் பட்டதாரி, பாடசாலை அதிபர். இயந்திர நூல் கற்றவனல்லேன். எனினும் இன்று லொறியைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. என் பழைய மாணவர் ஒருவர் புதிய சிறு லொறியொன்றைத் தவணை முறையில் வாங்கினார். அதற்குப் பிணை நின்று கையொப்பமிட்டவன் நான்.

லொறி வந்து எட்டு மாதம் சென்றது. ஒரு நாள் மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். முகம் வாடியிருந்தது.

"சேர், எஞ்சின் போய்விட்டது. உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள்."

"ஏன் தம்பி? மூன்றாண்டு உத்தரவாதம் என்றல்லவா சொன்னார்கள்?"

"ஒரு சின்னப் பெட்டி பூட்டினேன், சேர். பாரம் ஏற்றினாலும் இழுக்கும், டீசலும் மிஞ்சும் என்றார்கள்."

அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்கிறது என்பதை அறிந்தோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இக்காலத்து டீசல் எஞ்சினில் எரிபொருள் ஒரு பொதுக் குழாயிலே மிகுந்த அழுத்தத்துடன் தேக்கி வைக்கப்படுகிறது. 'கொமன் ரெயில்' என்று கராஜ்காரர் சொல்வது இதனையே. 1995ஆம் ஆண்டில் ஜப்பானிய லொறியொன்றிலே முதன்முதலாக விற்பனைக்கு வந்த முறை இது. அக்குழாயின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,600 மடங்கும் அதற்கு மேலும் செல்லும். அழுத்தம் எவ்வளவு என்பதை ஓர் உணர்கருவி அளந்து, எஞ்சினை ஆளும் சிறு கணினிக்கு அறிவிக்கிறது. கணினி அதற்கேற்ப எரிபொருளை அளந்து விடுகிறது.

பின்னர் பூட்டும் பெட்டி இவ்விரண்டிற்கும் இடையே புகுந்து நிற்கிறது. உள்ள அழுத்தத்தைக் குறைத்துக் கூறுகிறது. சுருங்கச் சொன்னால், பொய் சொல்கிறது. பொய்யை நம்பிய கணினி அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. எரிபொருள் மிகுதியாகப் பாய்கிறது. வலு கூடுவது மெய்தான். ஆனால் அவ்வலுவோடு வெப்பமும் கூடுகிறது, புகையும் கூடுகிறது. பாரத்தோடு நெடுந்தூரம் ஓடும் லொறியில் அவ்வெப்பத்தைப் பிஸ்டன் எத்தனை நாள் தாங்கும்? என் மாணவரின் லொறியிலே எட்டு மாதம் வரைதான் தாங்கிற்று.

நேயர்களே, இவ்வாசை எங்கிருந்து பிறந்தது என்பதையும் நாம் அநுதாபத்தோடு நோக்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் அது 460 ரூபா. நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அக்காலத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று எதைக் காட்டினாலும் வாங்க ஆள் இருந்தது. குழாயில் கட்டும் காந்தம், நீரிலிருந்து வாயு பிரிக்கும் குப்பி எனப் பலவும் விலைபோயின. அமெரிக்க நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. சிறிதளவேனும் பயன் தந்தவை மிகச் சிலவே என்று அது கண்டது.

மேலும், 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்கள்வரை மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய லொறிகளை எதை எதையோ பூட்டி ஓட்டப் பழகினோம். பழைய லொறிக்கு உத்தரவாதம் இல்லை. எதைப் பூட்டினாலும் கேட்பாரில்லை. அப்பழக்கத்தைப் புதிய லொறிக்கும் கொண்டு செல்வதிலேதான் இடர் இருக்கிறது.

நமது ஊருக்கே உரிய வேறோர் இடரும் உண்டு. காற்று தாராளமாகப் புகும் என்று சொல்லி, தயாரித்தவர் வைத்த காற்று வடிகட்டியை நீக்கி வேறொன்று பூட்டுவோர் உளர். தாராளமாகக் காற்றுப் புகும் வழியிலே நுண்ணிய மணலும் புகக்கூடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டித் தெருவிலே பறக்கும் மணலை அறிந்தவர்களுக்கு, அது எஞ்சினுள் சென்றால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இனி உத்தரவாதத்திற்கு வருவோம். உத்தரவாதம் என்பது ஒரு வாக்குறுதி. அதே வேளை, எல்லை வகுத்த வாக்குறுதி. 'எங்கள் பொருளிலே, எங்கள் வேலையிலே குறை இருந்தால் நாங்கள் பொறுப்பு' என்கிறார் தயாரித்தவர். பிறர் பூட்டிய பெட்டியால் வந்த கேட்டிற்கும் அவரே பொறுக்கவேண்டும் என்பது நியாயமாகாது. பெட்டியைக் கழற்றி ஒளித்துவிட்டால் தெரியாது என்று சிலர் எண்ணுகின்றனர். உருகிய பிஸ்டனும் கணினியின் நினைவிலே தங்கிய பதிவுகளும் உண்மையைச் சொல்லிவிடக்கூடும். அன்றியும், பொய் சொன்ன பெட்டிக்காக நாமும் பொய் சொல்வது தகுமா?

ஆனால் நியாயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அம்மாதத்திலேயே அவருடைய லொறியின் ஸ்டியரிங் பம்பும் பழுதாயிற்று. பெட்டி பூட்டியதால் உத்தரவாதம் முழுவதுமே முறிந்துவிட்டது என்று கூறி, விற்ற நிறுவனத்தார் அதனையும் மறுத்தனர். நான் உத்தரவாதக் கைநூலைக் கேட்டு வாங்கினேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. அதில், மாற்றம் செய்ததனால் விளைந்த பழுதிற்குப் பொறுப்பில்லை என்று மட்டுமே கண்டிருந்தது. எல்லாப் பழுதிற்கும் பொறுப்பில்லை என்று ஓரிடத்திலும் இல்லை. டீசல் அழுத்தத்தை ஏமாற்றிய பெட்டிக்கும் ஸ்டியரிங் பம்பிற்கும் என்ன தொடர்பு?

இவ்வேறுபாட்டை அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டம் தெளிவாக வகுத்திருக்கிறது. பிறர் செய்த பாகத்தைப் பூட்டினார் என்ற ஒன்றை மட்டும் சொல்லி உத்தரவாதத்தை மறுக்க இயலாது. அப்பாகமே பழுதிற்குக் காரணம் என்று காட்டவேண்டும். நமது நாட்டிலே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. உத்தரவாதம் மீறப்பட்டது என்று கருதுவோர் அங்கே எழுத்து மூலம் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

நாங்கள் கைநூலின் அவ்வாசகத்தை எடுத்துக்காட்டி நிறுவனத்திற்கு ஒரு கடிதம் எழுதினோம். பெட்டி பூட்டியதை அதில் மறைக்கவில்லை. மூன்று வாரத்தில் ஸ்டியரிங் பம்ப் இலவசமாக மாற்றப்பட்டது. எஞ்சினின் செலவை அவரே ஏற்றார். அவர் மனைவியின் காப்புகள் அடகுக் கடைக்குப் போயின. இரண்டு தவணைகளை நான் கட்டினேன். அவர் பின்னர் திருப்பித் தந்துவிட்டார்.

என் நெஞ்சை உறுத்துவது பணம் அன்று. பிணைக் கையொப்பமிட்ட நாளிலே அக்கைநூல் என் மேசைமீதுதான் கிடந்தது. ஆங்கிலம் அறிந்தவன் நான். பத்துப் பக்கத்தை வாசித்து அவருக்குத் தமிழிலே சொல்ல அரை மணி நேரம் போதியிருக்கும். பிள்ளைகளுக்கு ஆயிரம் பக்கங்களை வாசித்துக் காட்டிய நான், அந்தப் பத்துப் பக்கத்தை வாசிக்கத் தவறினேன்.

ஆகவே, நேயர்களே, லொறி வைத்திருப்போருக்கு நான்கு வார்த்தை சொல்வேன். எதனையும் பூட்டுமுன் உத்தரவாத நூலைப் பாருங்கள். விற்றவரிடம் கேட்டு, விடையை எழுத்திலே பெறுங்கள். பராமரிப்புச் சீட்டுக்களைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் மறுக்கப்பட்டால், எந்தப் பழுது, எக்காரணத்தால் என்று எழுத்திலே கேளுங்கள்.

படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அயலவர் ஒருவர் புதிய வாகனம் வாங்கினால், வாழ்த்துச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கைநூலை வாங்கி, அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் கொடுங்கள்.

அந்த லொறி இப்போது பெட்டி இல்லாமல் ஓடுகிறது. பாரத்தோடு சற்று மெதுவாகவே செல்கிறது. ஆயினும் மீன் கெடுமுன் பேலியகொடையை அடைந்துவிடுகிறது.