கேள்விக்கும் ஓர் இருக்கை
(நூற்றாண்டு விழாவில் கனடாவாழ் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)





சமய பாடத்துக்கு மணி அடித்ததும் சைவப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகள் இன்னொரு வகுப்புக்கும் போவோம். பாடம் முடிந்ததும் மீண்டும் ஒரே வாங்கில் வந்து அமர்வோம். மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்டோம். ஆனால் அந்தப் பாடவேளையில் எமது மனதில் எழுந்த கேள்விகளை ஒருவரோடொருவர் பகிர்ந்ததில்லை. கனடாவில் எம்மிற் சிலர் யூனிற்றேரியன் சபையின் ஞாயிறு ஒன்றுகூடலுக்குப் போகத் தொடங்கிய பின்னரே இக்குறை எமக்குத் தெரிந்தது.

யூனிற்றேரியன் மரபு கிறிஸ்தவத்துக்குள் தோன்றியது. இறைவன் மூவரல்லர், ஒருவரே என்பது அதன் தொடக்கக் கொள்கை. 1961இல் அமெரிக்காவில் யூனிற்றேரியன், யூனிவர்சலிஸ்ட் என்னும் இரு மரபுகளும் ஒன்றாயின. இன்று இச்சபைகளில் கிறிஸ்தவர், யூதர், பௌத்த வழி நிற்போர், கடவுள் நம்பிக்கையற்றோர் எனப் பலரும் ஒன்றாக அமர்கிறார்கள். சேருவதற்கு எந்த விசுவாசப் பிரமாணமும் சொல்லத் தேவையில்லை. உண்மையைச் சுதந்திரமாகவும் பொறுப்போடும் தேடவேண்டும் என்பது அவர்களது கோட்பாடுகளில் ஒன்று.

இது வெள்ளையர் விடயம் என்று எண்ணவேண்டாம். இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான வில்லியம் ரொபேட்ஸ் என்னும் தமிழர், பணியாளாக இங்கிலாந்து சென்றார். அங்கே யூனிற்றேரியன் நூல்களைப் படித்துத் திரும்பி, 1795இல் சென்னையில் தமிழருக்கென ஒரு யூனிற்றேரியன் சபையைத் தொடங்கினார். ஒரு பணியாளின் மனதில் எழுந்த கேள்வி ஒரு சபையாயிற்று.

ஒன்றுகூடல் ஒரு கிண்ண விளக்கை ஏற்றுவதோடு தொடங்கும். மகிழ்ச்சியோ துயரோ உள்ளவர்கள் மெழுகுதிரி ஏற்றி அதைச் சொல்லலாம். வேறு நாட்களில் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து மரணம், மன்னிப்பு, முதுமை போன்ற ஒன்றைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, புத்திமதி சொல்வதுமில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் ஓராண்டளவு கலந்துரையாடி, தாம் எதை நம்புகிறோம் என்று தாமே எழுதிச் சபை முன்னே வாசிக்கிறார்கள். அந்த வயதில் நாம் பிறர் எழுதியதை மனனம் செய்து ஒப்புவித்துக்கொண்டிருந்தோம்.

அப்படியொரு வட்டத்தில் எம்மில் ஒருத்தி கேட்டாள்: "யுத்தத்தில் காணாமற்போன என் தம்பிக்கு எந்த நாளில் திதி கொடுப்பது? கொடுத்தால் அவன் இறந்தான் என்று நானே தீர்ப்பெழுதியதாகாதா?" எவரும் விடை சொல்லவில்லை. அவள் அழுது முடியும்வரை எல்லோரும் கூட இருந்தார்கள். கோயிலிலோ வீட்டிலோ இதுவரை கேட்கத் துணியாத கேள்வி அது என்று அவள் பின்னர் எம்மிடம் சொன்னாள்.

நாம் எமது சமயத்தை விட்டுவிடவில்லை. அச்சபையில் தேவாரம் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. துக்க வீட்டில் இன்னமும் ஐயரையோ சுவாமியாரையோதான் அழைக்கிறோம். ஆறுதலுக்குப் பழகிய சொற்கள் வேண்டியிருக்கின்றன. ஆனால் கேள்வி கேட்பது பக்திக்குத் துரோகமல்ல என்பதை அங்கேதான் கற்றோம்.

ஆகவே, எங்கெங்கோ வாழும் சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ பேத்தியோ "கடவுள் இருக்கிறாரா?" என்று கேட்டால் "வாயை மூடு" என்று சொல்லாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். எமது கிளைகளின் கூட்டங்களில் விருந்துக்கும் கலைநிகழ்ச்சிக்கும் நேரம் ஒதுக்குவது போல, இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். அன்று இரு வகுப்புகளில் இருந்து கற்றவர்கள் இனியாவது ஒரே அறையில் அமர்ந்து பேசுவோம்.