சாலை வழக்கும் நீதிமன்ற ஏடும்
(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் மேன்மையைப் பேசுவது மரபு. அதனைப் பேச நம்மினும் வல்லார் பலர் இங்கே வீற்றிருக்கின்றனர். ஆகவே நாம் ஒரு சாண் நீளமுள்ள தாளைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். அருப்புக்கோட்டைக்கு மில் வேலைக்குப் போகும் பையனை வழியில் நிறுத்திக் காவலர் தம் கைக்கருவியிலிருந்து கிழித்துக் கொடுக்கும் தாள் அது. பெரும்பாலும் அன்று மாலைக்குள் அது கசங்கிக் குப்பைக்குப் போகிறது. ஆனால் அதன் மறுபாதி எங்கோ ஓர் ஏட்டில் கசங்காமல் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த ஏடு எங்கே இருக்கிறது, அதனை எவ்வாறு தேடிப் படிப்பது, படித்தபின் என்ன செய்வது என்பனவே நம் பேச்சின் பொருள்.

சாலை நமக்கு எளிதில் வந்ததன்று. 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். பொதுச்சாலையிலும் தெருவிலும் எவ்வகுப்பினரும் நடந்து செல்லத் தடையில்லை, பொதுக்கிணறு முதலியவற்றைப் பயன்படுத்தவும் தடையில்லை என்பது அதன் சாரம். நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்த சாலையில் இன்று நம் பிள்ளைகள் வண்டியோட்டிச் செல்கின்றனர். மகிழத்தக்க செய்திதான். எனினும் வண்டியோடு கூடவே வண்டிச் சட்டமும் வந்துவிடுகிறது.

1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே இன்று நம்மை ஆள்வது. 2019இல் அதனைத் திருத்தித் தண்டத் தொகைகளைப் பன்மடங்கு உயர்த்தினர். தமிழ்நாட்டில் உயர்ந்த தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. முன்பு தலைக்கவசம் இன்றிச் சென்றால் 100 ரூபாய், இப்போது 1,000. உரிமம் இன்றி ஓட்டினால் 5,000. காப்புறுதி இன்றி ஓட்டினால் முதன்முறை 2,000, மறுமுறை 4,000. மது அருந்தி ஓட்டினால் முதல் குற்றத்திற்கே 10,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் நம் மாநிலத்திற்கென அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். உரிமம் எடுக்காத ஒரு பையன் ஒருமுறை பிடிபட்டால் அவன் தாய் வெயிலில் கண்மாய் வெட்டிய பதினைந்து நாள் கூலி போய்விடும். நம் கரிசல் காட்டில் மிளகாயும் கரிமூட்டமும் கொடுக்கும் காசை இவ்வாறு இழப்பதற்கில்லை.

பணத்தைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாலையில் எழுதப்படும் குற்றம் இரண்டு வழியில் முடியும். சட்டத்தின் 200ஆம் பிரிவில் பட்டியலிட்ட குற்றங்களுக்கு, அதிகாரம் பெற்ற அலுவலரிடம் இணக்கக் கட்டணம் செலுத்தி அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அவ்வாறு முடித்தபின் அக்குற்றத்தின் பேரில் மேல்நடவடிக்கை இல்லை. நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை. மற்றொரு வழி, கட்டணம் செலுத்தாமையால் அல்லது இணங்க முடியாத குற்றமாக இருப்பதால், அது நீதித்துறை நடுவர் மன்றத்திற்குப் போவது. அங்கே 208ஆம் பிரிவின்படி சுருக்க விசாரணை நடைபெறும். நேரில் வரலாம், வழக்கறிஞர் மூலம் வரலாம், சிறு குற்றமாயின் குற்றத்தை ஒப்புக்கொண்டு குறித்த தொகையை அனுப்பியும் முடிக்கலாம் என்று அழைப்பாணையிலேயே எழுதியிருக்கும். பலரும் அறியாத செய்தி இதுதான்: நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 ரூபாய் கட்டினாலும் அது தீர்ப்பு. ஏட்டில் 'குற்றவாளி' என்றே பதிவாகும். மெய்நிகர் நீதிமன்றம் என்னும் இணையவழி மன்றத்தில் கைப்பேசியிலேயே பணம் கட்டுவதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே கொள்ளப்படும். தில்லியில் 2019இல் தொடங்கிய இம்முறை தமிழ்நாட்டிற்கும் வந்துள்ளது.

இதனால் என்ன என்று கேட்பீர்கள். நம் இளைஞர்களுள் காவலர் தேர்வுக்குப் படிப்போர் மிகுதி. காலையில் பள்ளி மைதானத்தில் ஓடுவோரை நாள்தோறும் காண்கிறோம். எழுத்திலும் உடல்திறனிலும் தேறியபின் நன்னடத்தைச் சரிபார்ப்பு என்றொரு படி இருக்கிறது. உம்மீது வழக்கு உண்டா என்று படிவம் கேட்கும். உண்மையை அறியாமல் 'இல்லை' என்று எழுதி, ஏட்டில் 'உண்டு' என்று வந்துவிட்டால், அது மறைத்த குற்றமாகிவிடும். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை ஆராய்ந்தது. படிவத்தில் உண்மையே எழுதவேண்டும். மறைக்கப்பட்டது அற்ப வழக்காயின் பணியமர்த்துவோர் அதனைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று கூறியது. 'விடலாம்' என்றதேயன்றி 'விடவேண்டும்' என்று கூறவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வட்டாரத்து இளைஞர் ஒருவர்க்கு நேர்ந்தது இது. தேர்வில் வென்றார். சரிபார்ப்பில், மூன்றாண்டுக்கு முந்தைய சாலை வழக்கு ஒன்று அவர் பெயரில் நிலுவையில் இருப்பதாக வந்தது. தொகையை அன்றே ஒருவர் கையில் கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார். ரசீது கேட்டோம், இல்லை. வழக்கு எண் கேட்டோம், தெரியாது. பிறகு அவரோடு நாமும் இரண்டு நாள் அலைந்தோம். தேடியதில் தெரிந்தது: வழக்கு அவருடையதன்று. அதே பெயர், அதே தலைப்பெழுத்து, வேறு ஊர், வேறு தந்தை. அவருடைய பழைய குற்றமோ உரிய முறையில் இணக்கமாக முடிந்திருந்தது. அதற்குச் சான்றாக இணையத்தில் சலான் நிலை இருந்தது. நீதிமன்ற ஏட்டின் நகலில் மற்றவரின் தந்தை பெயர் இருந்தது. இவ்விரண்டு தாள்களும் அவர் வேலையைக் காத்தன. தேடத் தெரியாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனித் தேடும் முறைக்கு வருவோம். முதலில் சலான். நடுவண் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணாலோ, வண்டி எண்ணாலோ, உரிம எண்ணாலோ தேடலாம். செலுத்தியதா, நிலுவையா, நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டதா என்பது அங்கே தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. பரிவாகன் என்ற பெயரிலேயே கைப்பேசிக்குப் பொய்ச் செய்தி அனுப்பி, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, வங்கிப் பணத்தைச் சுருட்டும் கூட்டம் இருக்கிறது. வந்த இணைப்பைத் தொடாதீர்கள். தளத்தின் பெயரை நீங்களே அச்சிட்டுச் செல்லுங்கள்.

நீதிமன்றத்திற்குப் போனது என்று தெரிந்தால் அடுத்தது இ-கோர்ட்ஸ் தளம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை; திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆனால் நம் பகுதிச் சாலை வழக்குகள் அங்கே போவதில்லை. சம்பவ இடத்தின் காவல் எல்லையைப் பொறுத்துத் திருச்சுழி, அருப்புக்கோட்டை போன்ற அண்மை நடுவர் மன்றங்களுக்கே போகும். தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தெரிந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். காவல்நிலையத்தின் குற்ற எண் தெரிந்தால் அதனாலும் தேடலாம். சிறு வழக்குகளை நம் மன்றங்களில் எஸ்.டி.சி. என்ற தலைப்பில் எண்ணிடுவர். சுருக்க விசாரணை வழக்கு என்பது அதன் பொருள். ஒவ்வொரு வழக்கிற்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடங்கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்றுண்டு. அதனை ஒருமுறை கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டால் மறுபடி தேடும் தொல்லையே இல்லை.

பெயரால் தேடுவதில் தமிழர்க்கு ஒரு தனித்தொல்லை இருக்கிறது. நம் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகின்றனர். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, காவலர் எழுதியது வேறொன்று. 'ழ' வரும் பெயராயின் கேட்கவே வேண்டாம். ஆகவே முழுப்பெயரையும் இடாமல் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் இட்டுத் தேடுக. தலைப்பெழுத்து முன்னே இருக்கலாம், பின்னே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிடைத்த பெயர்கள் எல்லாவற்றையும் தந்தை பெயரோடும் ஊரோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயரைச் சரியாக எழுதுங்கள் என்று ஆண்டுதோறும் பெற்றோரிடம் நாம் மன்றாடுவதன் பயன் இத்தகைய இடங்களில்தான் தெரியும்.

இணையத்தில் கிட்டாதது நீதிமன்ற அலுவலகத்தில் கிட்டும். நகல் விண்ணப்பம் எழுதி, வழக்கு எண்ணைக் குறித்து, நீதிமன்ற வில்லை ஒட்டிக் கொடுத்தால் சான்றிட்ட நகல் தருவர். அம்மாதிரி நகலின் வலிமை பெரிது. மகாத்துச் சவுதார்க் குளத்து நீருக்காக அண்ணல் அம்பேத்கர் மீது 1927இல் தொடுக்கப்பட்ட உரிமையியல் வழக்கு, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1937இல்தான் அவர் பக்கம் முடிந்தது. பத்தாண்டுக் காலம் ஒரு குளத்தின் தாள்களை விடாமல் பிடித்திருந்தவர் நம் தலைவர். நாம் ஒரு ரசீதைப் பத்து நாள் வைத்திருப்பதில்லை.

வழக்கு உண்மையென்றால் தாமதியாமல் முடித்துக்கொள்ளுங்கள்; இணக்கத்திற்கு வழியிருக்கும்போதே முடிப்பது நன்று. பொய்யென்றாலோ வெறும் 500 ரூபாய்தானே என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுத்து வாதிட உரிமை உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை ஆறு மாதம் கடந்தபின் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கக்கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவு கூறுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 468. கேமராவால் பிடித்த குற்றத்திற்குப் பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டுமென 2021இல் ஒரு விதி வகுத்தனர். தேதிகளைக் குறித்து வைப்பவனுக்கே இவை பயன்படும். காலம் கடக்கட்டும் என்று சும்மா இருப்பவன், வழக்கு உரிய நாளில் தாக்கலாகிவிட்டதை அறியாமல், பிடியாணை வந்தபின் விழிப்பான்.

வழக்கறிஞர்க்குப் பணமில்லை என்று சொல்ல வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பு இன்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். பெண்களுக்கும் அவ்வாறே. சாதிச் சான்றிதழோடு நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இது சலுகையன்று; சட்டம் பெயர் சொல்லிக் கொடுத்தது. இணங்கத்தக்க சிறு வழக்குகளை மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம்.

பழைய வண்டி வாங்குவோர்க்கு ஒரு சொல். விலை பேசி, பணம் கொடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பதிவுச் சான்றில் பெயர் மாற்றுவதில்லை. விற்றவர் பதினான்கு நாட்களுக்குள்ளும் வாங்கியவர் முப்பது நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 50ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் சலான் செய்தி விற்றவர் கைப்பேசிக்குப் போகும். ஓட்டுபவர்க்கு ஒன்றும் தெரியாது. விபத்து நேர்ந்தாலோ இருவருமே நீதிமன்றப் படியில் நிற்க நேரும்.

பெற்றோர்களே, பதினோராம் வகுப்புப் பையனுக்கு வண்டிச் சாவியைக் கொடுக்கிறீர்கள். 199ஏ பிரிவின்படி, சிறுவன் செய்த குற்றத்திற்கு வண்டி உரிமையாளருக்கோ பாதுகாவலருக்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமமும் கிடைக்காது.

செப்டம்பர் 11ஆம் நாள் தியாகி இமானுவேல் சேகரன் நினைவிடத்திற்குப் பார்த்திபனூர் வழியே பரமக்குடி செல்வோர் நம்மில் பலர். அந்நாட்களில் வாகனங்களுக்கென மாவட்ட நிர்வாகம் தனி நிபந்தனைகளை அறிவிப்பது வழக்கம். அவற்றை முன்னதாகப் படித்துச் செல்க. அன்று எழுதப்படும் வழக்கில் வண்டிச் சட்டத்தோடு, அரசு அலுவலர் உத்தரவை மீறியதற்கான பிரிவும் சேரக்கூடும். அது இணக்கக் கட்டணத்தால் தீராது. எந்தப் பிரிவில் வழக்கு என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் எந்தத் தாளிலும் கையொப்பம் இடாதீர்கள்.

வரும் ஞாயிறு முதல் சங்கப் படிப்பகத்தில் காலை 10 மணிக்கு நம் ஆசிரியர் இருவர் கணினியோடு இருப்பார்கள். வண்டியின் பதிவுச் சான்று, உரிமம், கையிலிருக்கும் பழைய சலான்கள் யாவற்றையும் கொண்டு வருக. சலான் தொலைந்திருந்தால் வண்டி எண் போதும். சீருடைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்திருப்போர் முதலில் வருக. அவர்கள் பெயர்களை முதல் இரண்டு வாரங்களில் பார்த்து முடிக்க எண்ணியுள்ளோம்.